நிழற்படமும் ஒப்பனையும்



சென்ற ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் நாம் நம் தாயாரை அழைத்துக்கொண்டு சிங்கப்பூருக்குப் போயிருந்தோம். நம் தங்கை அங்கே கிளமெண்டி வட்டாரத்தில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் ஒன்பதாம் மாடியில் குடும்பத்தோடு வாழ்கிறாள். ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த நம் தாயாருக்கு அவ்வளவு உயரத்திலிருந்து கீழே பார்ப்பது இன்றும் பிடிப்பதில்லை. கிளமெண்டி நகர் 1970களின் பிற்பாதியில் எழுந்தது. அதற்குக் கிழக்கே சற்றுத் தொலைவில் பழைய மலாயா ரயில் பாதை இருந்தது. 1932 முதல் 2011 வரை அவ்வழியே தஞ்சோங் பகார் நிலையத்துக்கு வண்டிகள் ஓடின. இப்பொழுது தண்டவாளத்தின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். மக்கள் காலையில் நடை பழகும் பாதையாகிவிட்டது.

ஒருநாள் இரவுச் சாப்பாடு முடிந்தபின், பாலிடெக்னிக்கில் படிக்கும் நம் மருமகன் தன் கைத்தொலைபேசியை நம் தாயாரிடம் நீட்டினான். "பாட்டி, இது யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றான். சன்னலோரத்தில் ஓர் இளம்பெண். வெளியே மழை. முகத்தின் ஒரு பக்கத்தில் விளக்கொளி, மறுபக்கம் இருள். பின்னால் மங்கலாக ஒரு மரச்சுவர். நல்ல திரைப்படம் ஒன்றில் கதாநாயகி கடிதத்தை எதிர்பார்த்து நிற்கும் காட்சி போலிருந்தது. நம் தாயார் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "படம் நல்லாத்தான்யா இருக்கு. எங்கம்மா மாதிரியும் இருக்கு. ஆனா காது எங்கே?" என்றார்.

காதின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். நம் பாட்டி பிள்ளைப் பருவத்திலேயே காது வளர்த்தவர். திருநெல்வேலிச் சீமைப் பழக்கம் அது. காது தோளைத் தொடும் அளவுக்குத் தொங்க, அதில் பாம்படம் ஆடும். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அந்தப் பாம்படத்தை விற்று அரிசியும் மரவள்ளியும் வாங்கினார்கள். 1948ஆம் ஆண்டில், அவசரகாலச் சட்டம் வந்தபோது, மலாயாவில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் படம் எடுத்து, கைரேகை பதித்து, அடையாள அட்டை பெற வேண்டும் என்று அரசாங்கம் ஆணையிட்டது. தோட்டத்து அலுவலகத்தின் முன் ஒரு துணியைக் கட்டி, வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறோம். அதில் மிஞ்சிய பிரதி ஒன்றுதான் அவர் இளமையில் எடுத்த ஒரே படம். பாம்படம் இல்லாத வெறுங்காது அதில் நீளமாகத் தொங்குகிறது. பிற்காலத்தில் அவர் மருத்துவமனையில் காதைக் கத்தரித்துத் தைத்துக்கொண்டார். ஆகவே பிந்திய படங்களில் அந்தக் காது இல்லை. நம் மருமகன் தந்த இந்தப் பழைய படத்தைச் செயற்கை நுண்ணறிவு அழகுபடுத்தியபோது, காதைச் சின்னதாக்கி ஒரு பொன் ஜிமிக்கியும் மாட்டிவிட்டது. பாட்டி வாழ்நாளில் ஜிமிக்கி போட்டதில்லை.

"பாட்டி, நான் காதைப் பற்றி ஒண்ணுமே சொல்லலை. அதுவாப் போட்டுருச்சு" என்றான் மருமகன். அவன் சொன்னது உண்மைதான். அதுவாக ஏன் போட்டது? உள்ள முகத்தை அழகுபடுத்தித் தரும் இந்த வேலை எப்பொழுது தொடங்கியது? இதைத்தான் இன்று நாம் ஆராயப் போகிறோம்.

நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839ஆம் ஆண்டில், பாரிஸ் நகரில். தாகேர் என்பவர் வெள்ளிப் பூச்சுள்ள செப்புத் தகட்டில் உருவத்தைப் பதிய வைத்தார். அது சிங்கப்பூருக்கு வர வெகுகாலம் ஆகவில்லை. மலாய் இலக்கியத்தில் பெரும்புகழ் பெற்ற முன்ஷி அப்துல்லா, 1849இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில், அமெரிக்கக் கப்பலில் வந்த வைத்தியர் ஒருவர் குன்றின்மேல் கருவியை வைத்துச் சிங்கப்பூர் நகரத்தைத் தகட்டில் இறக்கிக் காட்டிய அதிசயத்தை எழுதியிருக்கிறார். மலாக்காவில் பிறந்த அப்துல்லாவின் முன்னோரில் தமிழரும் உண்டு. அவர் தமிழ் கற்றவர். நிழற்படத்தைக் கண்டு வியந்து எழுதிய முதல் சிலரில் தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தார் என்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி.

1843 டிசம்பரில் சிங்கப்பூரில் லண்டன் ஹோட்டல் என்ற விடுதியை நடத்திய துத்ரோங்குவா என்பவர், ஆள் உருவத்தைத் தகட்டில் எடுத்துத் தருவதாகச் செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். இரண்டே நிமிடத்தில் படம். ஒருவருக்குப் பத்து வெள்ளி, இருவர் சேர்ந்தால் பதினைந்து. அந்த நாளில் பத்து வெள்ளி என்பது உழைப்பாளி பல நாள் பாடுபட்டாலும் கைக்கு வராத பணம். இரண்டு நிமிடம் அசையாமல் இருப்பதும் எளிதன்று. அக்காலப் படங்களில் எல்லோரும் கடுகடு என்றிருப்பதற்குக் கோபம் காரணமில்லை. சிரிப்பை இரண்டு நிமிடம் பிடித்து வைக்க யாரால் முடியும்? பல நாடுகளில், ஆள் அசையாமலிருக்கக் கழுத்தின் பின்புறம் ஓர் இரும்புக் கவட்டையே முட்டுக் கொடுத்தார்கள்.

1862இல் ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சிங்கப்பூருக்கு வந்து படப்பிடிப்பு நிலையம் வைத்தார். அவர் பினாங்கில் சில மாதம் தங்கிப் படம் எடுத்தபோது, உதவிக்கு ஆள் தேடினார். கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசைநீரை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவும் முறை அது. வெள்ளி நைட்ரேட் பட்ட விரல் கறுத்துப் போகும், நாற்றமும் தாங்காது. மனிதக் கை படாமல் உருவம் விழுவது ஏதோ பேய்வித்தை என்று அஞ்சியும், விரலும் உடையும் கறையாகும் என்று கூசியும் சீனர் அந்த வேலைக்கு வர மறுத்தனர் என்றும், மதராஸிலிருந்து வந்த இருவரையே தாம் பழக்கிக்கொண்டதாகவும் தாம்சன் தம் நூலில் எழுதுகிறார். அந்த இருவரின் பெயரை அவர் எழுதவில்லை. தாம்சன் எடுத்த படங்கள் இன்று உலகத்து நூலகங்களில் மதிப்போடு காக்கப்படுகின்றன. பினாங்கில் அவற்றைக் கழுவி, அச்சிட்டு, வெயிலில் காய வைத்த கை நம்மவர் கை.

பெயர் இல்லாமற்போவது இந்த வரலாற்றில் அடிக்கடி நேர்வது. 1867இல் சிங்கப்பூரில் தொடங்கிய லாம்பர்ட் கம்பெனி, முதல் உலகப்போர்க் காலம் வரை இப்பகுதியில் பெரிய நிலையமாக இருந்தது. கவர்னர்களும் சுல்தான்களும் அங்கே படம் எடுத்துக்கொண்டனர். பயணிகள் வாங்கிப் போவதற்காக அந்நிலையம் பல இன மக்களின் மாதிரிப் படங்களையும் விற்றது. வண்டிக்காரர், சலவைக்காரர், நகையணிந்த பெண் என்று நம்மவரும் அவற்றில் உண்டு. படத்தின் அடியில் ஆளின் பெயர் இராது. அக்காலத்தில் தமிழரைக் குறிக்க வழங்கிய, இன்று நாம் இழிவென்று ஒதுக்கும் ஒரு சொல்லே இருக்கும். சுல்தான் நிலையத்துக்குப் போனால் அவர் தம் விருப்பப்படி அமர்ந்தார். வண்டிக்காரர் போனால் படமெடுப்பவர் விருப்பப்படி நின்றார்.

இனி, நம் மருமகன் காட்டிய படத்தில் இருந்த அந்தப் பாதி இருட்டுக்கு வருவோம். சோகமும் மௌனமும் ததும்பும்படி முகத்தை ஒளியும் நிழலுமாக எடுக்கும் முறைக்குப் பெயர் போனவர் ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற மாது. அவருடைய வாழ்க்கை இலங்கைத் தோட்டத்தில் வந்து முடிந்தது என்பது நேயர்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

அவர் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். கணவர் சார்லஸ் ஹே கேமரன் சட்ட அறிஞர். இலங்கையின் ஆட்சி முறையை மாற்றிய கோல்புரூக் - கேமரன் குழுவில் ஒருவர். இலங்கையில் கோப்பித் தோட்டங்களும் வைத்திருந்தார். 1863இல், நாற்பத்தெட்டு வயதில், மகள் பரிசாகக் கொடுத்த ஒரு கேமராதான் அம்மையாரின் முதல் கருவி. கோழிக்கூட்டைக் காலி செய்து கண்ணாடி போட்டுப் படமெடுக்கும் இடமாக்கினார். முகத்தைக் கருவிக்கு மிக அருகில் வைத்து, வெளிச்சத்தை ஒரு பக்கமிருந்து மட்டும் விட்டு, கூர்மை சற்றுக் குறையும்படி எடுத்தார். 'இவருக்குப் படமெடுக்கவே தெரியவில்லை' என்று கற்ற புகைப்படக்காரர்கள் குறை கூறினர். ஆனால் கவிஞர் டென்னிசன், வானியல் அறிஞர் ஹெர்ஷல், டார்வின் ஆகியோரின் முகத்தை நினைத்தால் இன்றும் நம் மனத்தில் எழுவது அந்த அம்மையார் எடுத்த படங்களே.

1875இல் கணவரும் மனைவியும் இலங்கைக்குக் கப்பலேறினர். போகும்போது இரண்டு சவப்பெட்டிகளையும் கொண்டுபோனார்கள். அவற்றுக்குள் பாத்திர பண்டங்களை அடுக்கியிருந்தார்களாம்! சிக்கனத்தில் நம் பாட்டிமார்களை மிஞ்சியவர் அந்த அம்மையார். அவர்கள் போன காலத்தில், 1869இல் கண்டுபிடிக்கப்பட்ட இலைத்துரு நோய் இலங்கைக் கோப்பியை அழித்துக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் அவர் களுத்துறையிலும் பிற இடங்களிலும் அங்கு வாழ்ந்த சிங்களரையும் தமிழரையும் படம் எடுத்தார். முப்பதுக்கும் குறைவான படங்களே இன்று எஞ்சியுள்ளன. 1879 ஜனவரியில் டிக்கோயாவில் மகனின் தோட்டத்தில் இறந்தார். பொகவந்தலாவை தேவாலயத் தோட்டத்தில் கணவருக்கு அருகில் அவரது கல்லறை இருக்கிறது.

அந்தப் படங்களிலும் அதே ஒளி, அதே நிழல். நம்மவர் முகங்களில் டென்னிசன் முகத்தில் இருக்கும் கம்பீரம் குறையவில்லை. ஆனால் டென்னிசன் படத்தின் அடியில் டென்னிசன் என்று எழுதினார். இலங்கைப் படங்களில் பெரும்பாலானவற்றில் கூலியாள், குடியானவர், இளம்பெண் என்ற அளவோடு நின்றுவிட்டது. ஒளி கொடுத்தவர் பெயரைக் கொடுக்கவில்லை. அந்தப் பெண்கள் யார், எந்த லயத்தில் இருந்தார்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று எங்கே? யாராலும் சொல்ல முடியாது.

நிற்க. நம்மவர் தாமே பணம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்ட காலம் பின்னர் வந்தது. அப்பொழுது நிலைமை தலைகீழாயிற்று. எப்படி அமர்வது, எதைப் பிடிப்பது என்பதைக் காசு கொடுத்தவர் சொல்லலாம். சிங்கப்பூர் ஹில் ஸ்திரீட்டில் லீ சகோதரர்கள் என்ற சீனக் குடும்பத்தார் 1910ஆம் ஆண்டையொட்டி ஒரு நிலையம் திறந்தனர். பகல் வெளிச்சத்தை நம்பிய நிலையம் அது. பின்னால் மாளிகையோ தோட்டமோ வரைந்த திரை. முன்னால் ஒரு நாற்காலி, ஒரு பூச்சாடி. பல இனத்தவரும் அங்கே வந்தார்கள். வாங்கிப் போகாமல் விட்டதும் கூடுதலாக அச்சிட்டதுமான இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட படங்கள் குடும்பத்தாரிடமிருந்து சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்குச் சேர்ந்தன. அவற்றில் பலரின் பெயர் தெரியவில்லை.

தமிழ்நாட்டிலும் அப்படியே. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் அண்மைக் காலத்தில் ஊர் ஊராகப் போய், பழைய ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் கிடந்த படங்களைக் கணினியில் பதிந்து காத்தார்கள். கல்யாணப் படம், வளைகாப்புப் படம், இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து எடுத்த படம் என்று ஆயிரக்கணக்கில் கிடைத்தன.

அந்த ஸ்டூடியோக்களில் நடந்த ஒப்பனையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதைச் செய்தவர்கள் நல்ல தொழிலாளிகள். 1855இல் பாரிஸ் பொருட்காட்சியில் ஜெர்மன் நாட்டுக்காரர் ஒருவர் ஒரே முகத்தின் இரண்டு படங்களை வைத்தார்: ஒன்று எடுத்தபடி, மற்றொன்று நெகடிவில் கைவேலை செய்தபின். கூட்டம் அதைக் கண்டு மலைத்தது. அன்றிலிருந்து கைவேலை செய்யாத நிலையமே இல்லை என்றாயிற்று. நெகடிவைச் சாய்வான மேசையில், பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி வைத்து, ஊசி போல் சீவிய பென்சிலால் பரு, சுருக்கம், அம்மைத் தழும்பு ஆகிய இடங்களை நிரப்புவார்கள். நெகடிவில் கறுத்த இடம் அச்சில் வெளுக்கும். ஆகவே பென்சில் பட்ட இடத்தில் முகம் வெளிச்சமாகும். கழுத்து பருமனாக இருந்தால் சிறு கத்தியால் சுரண்டி இருட்டாக்குவார்கள். பிறகு அச்சின்மேல் பஞ்சால் வண்ணம் தொட்டு உதட்டுக்குச் சிவப்பு, சேலைக்கு நீலம், நகைக்கு மஞ்சள். வீட்டில் தனித்தனியே இருந்த கணவன் மனைவி படங்களை வெட்டி ஒட்டி, ஒருநாளும் சேர்ந்து நிற்காதவர்களைச் சேர்த்து நிறுத்திய வித்தகர்களும் உண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அக்காலத் தகடுகள் நீல ஒளியை நன்றாக உணரும். சிவப்பையும் மஞ்சளையும் உணரா. நம் மாநிறம் சிவப்பும் மஞ்சளும் கலந்தது. ஆகவே படத்தில் நம் தோல் உள்ளதைவிடக் கறுத்தே விழுந்தது. முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு படமெடுக்கப் போன நம் பெரியவர்களைப் பார்த்து நாம் சிரித்திருக்கிறோம். கருவி செய்த குறையைப் பவுடரால் ஈடு செய்தார்கள் என்பது நமக்குப் பிறகுதான் விளங்கியது. வண்ணப்பட காலத்திலும் இந்தக் குறை தொடர்ந்தது. கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து அச்சகங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் ஒரு வெள்ளைப் பெண்ணின் முகமே இருந்தது. அந்த முகம் சரியாக வந்தால் நிறம் சரி என்று கொண்டார்கள். பல இனப் பெண்களின் முகம் அட்டையில் ஏறியது 1990களில்தான்.

சினிமாவின் பங்கு என்ன? 1915இல் அமெரிக்க இயக்குநர் செசில் பி. டெமில், கதாநாயகன் முகத்தில் பாதியை இருட்டில் விட்டுப் படம் எடுத்தார். 'பாதி முகந்தானே தெரிகிறது, பாதி விலைதான் தருவோம்' என்றார்களாம் வாங்க வந்தவர்கள். 'இது ஓவியர் ரெம்பிராண்டின் ஒளி' என்று ஒரு பெயர் சொன்னவுடன் அதே படத்தைக் கூடுதல் விலைக்கு விற்க முடிந்தது என்று சொல்வார்கள். தமிழில் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' 1954இல் வந்தது. பாட்டே இல்லாத படம்; நிழலே பாதிக் கதையைச் சொன்னது. 1987இல் வந்த 'நாயகன்' படத்தில் பி. சி. ஸ்ரீராமின் மங்கிய ஒளியைக் கண்டு, புரொஜெக்டரில் ஏதோ பழுது என்று கூச்சலிட்டவர்களை நாம் அறிவோம். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அதே ஒளியை இன்று பிள்ளைகள் தம் முகத்துக்குக் கேட்கிறார்கள்.

இப்பொழுது அதைத் தருவது ஓர் இயந்திரம். அது செய்யும் வேலையைச் சிலர் பழைய கைவேலையின் வேகமான வடிவம் என்று எண்ணுகிறார்கள். அப்படியன்று. அந்த இயந்திரத்துக்குக் கோடிக்கணக்கான படங்களையும் ஒவ்வொன்றோடும் அதைப் பற்றிய சொற்களையும் காட்டிப் பழக்குகிறார்கள். 2022இல் வெளியான அத்தகைய ஒரு தொகுப்பில் 585 கோடிப் படங்கள் இருந்தன, இணையத்திலிருந்து திரட்டியவை. பழக்கும் முறை விந்தையானது. ஒரு படத்தின்மேல் மணலைத் தூவுவது போலப் புள்ளிகளைத் தூவி மறைப்பார்கள். மறைத்ததை நீக்கி உருவத்தைக் கொண்டுவர இயந்திரம் கற்கும். கோடி முறை கற்றபின், வெறும் மணலைக் கொடுத்து 'மழை, சன்னல், சோகமான பெண்' என்று சொன்னாலும் அது ஓர் உருவத்தைக் கொண்டுவந்துவிடும். நம் படத்தையும் சேர்த்துக் கொடுத்தால், அதைப் பார்த்துக்கொண்டு புதிதாக ஒன்றைச் செய்யும். பழைய கைவேலைக்காரர் பாட்டியின் காதைத் தொடவில்லை என்றால் காது அப்படியே இருக்கும். இந்த இயந்திரமோ காது, மூக்கு, பின்சுவர் எல்லாவற்றையும் புதிதாக வரைகிறது. தான் மிகுதியாகப் பார்த்தது எதுவோ அதன் பக்கமே சாய்கிறது. நீளமாகத் தொங்கும் வெறுங்காதை அது எத்தனை படத்தில் பார்த்திருக்கும்? ஜிமிக்கி போட்ட சிறு காதை எத்தனை இலட்சம் பார்த்திருக்கும்? ஆகவே பாட்டியின் காதைப் பிழை என்று கருதித் திருத்திவிட்டது.

நிறத்திலும் இந்தச் சாய்வு உண்டு. 2018இல் அமெரிக்காவில் இரண்டு பெண் ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் இயந்திரங்களைச் சோதித்தனர். வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களிடம் ஒரு நிறுவனத்தின் இயந்திரம் 34.7 விழுக்காடு பிழை செய்தது. அது படம் வரையும் இயந்திரமன்று, வேறு வகை. ஆனால் குறை பிறந்த இடம் ஒன்றே: பழக்கக் காட்டிய முகங்கள் யாருடையவை என்பது.

இதனாலெல்லாம் பிள்ளைகளின் விருப்பத்தைக் குறை கூற நமக்கு மனமில்லை. 2025 செப்டம்பரில் இந்தியாவில் இலட்சக்கணக்கான பெண்கள், அதற்கு முந்திய மாதம் கூகுள் வெளியிட்ட கருவியைக் கொண்டு, தம் சாதாரணப் படங்களைப் பழைய இந்திப் படக் கதாநாயகி போல, மாலை வெயிலில் சேலை பறக்க மாற்றிக்கொண்டார்கள். ஹில் ஸ்திரீட்டில் வரைந்த மாளிகையின் முன் நின்ற பெண்ணின் ஆசையும் அதுதானே? நம் தந்தையாரின் கல்யாணப் படத்தில் அவர் அணிந்திருக்கும் கோட்டு ஸ்டூடியோக்காரருடையது. முதுகில் ஊசி குத்தி இறுக்கியிருந்தார்களாம். அந்தக் கோட்டை நாம் பொய் என்று சொல்லத் துணிவோமா? தம்மை எப்படிக் காண விரும்பினார் என்பதற்கு அது சாட்சி. உயிரோடு இருப்பவர் தம் முகத்தைத் தாமே மாற்றிக்கொள்ளும்போது, கேட்பவரும் அவரே, வேண்டாமென்று சொல்லக்கூடியவரும் அவரே. இறந்துபோன பாட்டிக்கு அந்த வசதி இல்லை.

கிளமெண்டிக்குத் திரும்புவோம். நம் மருமகன் விடவில்லை. 'காது நீளமாக, நகையில்லாமல் தொங்க வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தான். இயந்திரம் காதை நீட்டியது. நீட்டிய காதில் பெரிய வளையங்களை மாட்டியது. நகை வேண்டாம் என்று மறுபடி எழுதினான். காது மீண்டும் சிறுத்தது. நான்காம் முறை வேறு வழி கண்டான். பாட்டியின் முகத்தையும் காதுகளையும் பழைய படத்திலிருந்து அப்படியே வெட்டி வைத்துக்கொண்டு, பின்னணியையும் ஒளியையும் மட்டும் மாற்றினான். பழைய ஸ்டூடியோக்காரர் கத்தரிக்கோலால் செய்ததையே அவன் விரலால் செய்தான். அப்பொழுதும் ஒரு காது இருட்டில் போய்விட்டது. "நீ வெளிச்சத்தை அந்தப் பக்கம் போடுய்யா" என்றார் நம் தாயார். போட்டான். சன்னல் இடம் மாறியது. வெறுங்காது வெளிச்சத்துக்கு வந்தது. நம் தாயார் தம் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

உற்சாகம் வந்த மருமகன், "பாட்டி, உங்க மாமா சயாமுக்குப் போனாருன்னு சொல்வீங்களே, அவருக்கும் ஒரு படம் செஞ்சிரட்டுமா? எப்படி இருப்பாருன்னு சொன்னாப் போதும்" என்று கேட்டான். பாட்டியின் அண்ணன் அவர். 1943இல் சயாம் ரயில் பாதை வேலைக்குத் தோட்டத்திலிருந்து பிடித்துப் போனார்கள். 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதையில் மாண்ட பல்லாயிரம் தமிழர்களில் அவரும் ஒருவராக இருக்க வேண்டும். அவர் படம் எடுத்துக்கொண்டதே இல்லை.

நம் தாயார் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "நான் பொறக்கறதுக்கு முந்தியே போனவருய்யா. நானே பார்த்ததில்லை. நீ எந்த மூஞ்சியைக் காட்டினாலும் நான் ஆமான்னுதானே சொல்லணும்?"

மருமகன் தொலைபேசியைக் கீழே வைத்தான்.

மறுநாள் காலை, அந்த 1948ஆம் ஆண்டுப் படத்தை மாற்றம் ஏதுமின்றி இரண்டு பக்கமும் நகலெடுத்துக் கொடுத்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நம் தாயார் சொல்லச் சொல்ல அதில் மென்மையான பென்சிலால் அவனே எழுதினான்: பாட்டியின் பெயர், அவருடைய தகப்பனார் பெயர், வந்த ஊர், தோட்டத்தின் பெயர், டிவிஷன், பாம்படத்தை விற்றது. அதற்குக் கீழே இடமிருந்தது. அண்ணனின் பெயரையும் எழுதி, 'சயாமுக்குப் போனார். படம் இல்லை' என்று எழுதச் சொன்னார்.